மேல்நடவடிக்கை

இதனால் சம்பந்தப்பட்ட சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், கீழே கையொப்பமிட்டுள்ள குடும்பத் தலைவரும் அவருடைய துணைவியாரும் வருகிற திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணிக்குக் கப்பல் மார்க்கமாகப் புறப்பட்டு, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு மறுகரையைச் சென்றடைந்து, துணைவியாரின் தமக்கையாரை நேரில் கண்டு உடல்நலம் விசாரிக்கத் தீர்மானித்துள்ளனர். இப்பயணம் குறித்த ஆட்சேபணைகள் ஏதுமிருப்பின் அவை எழுத்து மூலமாக மட்டுமே ஏற்கப்படும்.

இந்த அறிவிப்பு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தக் குமிழால் ஒட்டப்பட்டிருந்தது. சம்பந்தப்பட்ட சகலர் என்பது மொத்தம் இரண்டு பேர். ஒருவர் அதை எழுதியவர். இன்னொருவர் பால் எடுக்க அந்தக் கதவைத் திறந்த அவருடைய மனைவி. அவளுக்கு ஆட்சேபணை இருந்தது. ஆனால் அதை எழுத்தில் கேட்டுவிட்டாரே.

எழுதியவர் குடிநீர் வாரியத்தின் வரைவுப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர். வேவு பார்ப்பவர் என்பதால் அல்ல. எந்தக் கோப்பைத் திறந்தாலும் விட்டுப்போன க், ச், த், ப் நான்கும் எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்து, சிவப்பு மையால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் மூச்சு விடுவார். ஒருமுறை ஒரு தெருக்காரர்கள் 'குழாய் பதிக்க கோரி' என்று மனுக் கொடுத்தார்கள். 'பதிக்கக் கோரி' என்று எழுதித் தருமாறு மனுவைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை 'க்' வந்தது, ஆனால் வேறோர் இடத்தில் 'த்' போய்விட்டது. மூன்றாம் முறை எல்லா ஒற்றும் சரியாக அமைந்து கோப்பு மேலே போனபோது, தெருக்காரர்கள் கிணறு வெட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தீங்களா, பிரச்சினை தன்னால தீந்துடுச்சு" என்று சொல்லிக் கோப்பை மூடினார். ஓய்வுக்குப் பிறகு கோப்புகள் இல்லாததால் உலகத்தையே திருத்தத் தொடங்கினார். மருந்துக்கடைப் பை, பால் உறை, பேருந்து இருக்கையின் முதுகு என எதுவும் தப்பவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு தடித்த மைப்பேனா இருக்கும். அழியாத மை. அழிகிற மையில் திருத்துவது திருத்தமே அல்ல என்பது அவர் கொள்கை.

மனைவி தொலைபேசி நிலையத்தில் பத்தொன்பது வருடம் இணைப்புக் கொடுத்தவள். அவளுடைய அக்காவும் அங்கேதான் இருந்தாள், இரண்டு நாற்காலி தள்ளி. இருவரும் காதால் பிழைத்தவர்கள். மறுமுனையில் ஒருவர் 'ஹலோ' சொல்வதற்குமுன் இழுக்கிற மூச்சை வைத்தே இந்த அழைப்பு சண்டையில் முடியுமா சமாதானத்தில் முடியுமா என்று தங்கை சொல்லிவிடுவாள். அக்காவின் குரலோ ஊர் முழுக்கப் பிரசித்தம். "மூணு நிமிஷம் முடிஞ்சுது, நீட்டிக்கணுமா?" என்று அவள் கேட்டால் பேச ஒன்றும் இல்லாதவர்கள்கூட நீட்டித்தார்களாம். காது அவள் இலாகா என்பதால் வீட்டில் காகிதம் முழுவதையும் கணவரிடம் விட்டுவிட்டாள். அவர் எழுதுவார், நீட்டுவார். அவள் கையெழுத்துப் போடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த அக்காவோடு பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

காரணம் இரண்டு காகிதங்கள். முதலாவது, அக்கா மகளின் கல்யாண அழைப்பிதழ். ஒற்றர்தான் எழுதினார். ஒரே வாக்கியம், ஒன்பது வரி, முற்றுப்புள்ளி முகூர்த்த நேரத்துக்குப் பிறகுதான் வந்தது. உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் அக்கா அதை எடுத்துத் தன் பழைய தொலைபேசிக் குரலில் வாசித்தாள். ஒவ்வொரு ஒற்றையும் பட்டாசு மாதிரி வெடிக்க வைத்தாள். ஐந்தாவது வரியில் நிறுத்தி, "மூணு நிமிஷம் முடிஞ்சுது, நீட்டிக்கணுமா?" என்றாள். கூடமே உருண்டு சிரித்தது. தங்கையும் சிரித்துவிட்டாள். சிரிக்காதவர் ஒருவர்தான்.

இரண்டாவது காகிதம் எட்டு மாதம் கழித்து. மறுகரைக்குக் குடிபோயிருந்த அக்கா ஊருக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போய்விட்டாள் என்று தங்கைக்குக் கோபம். அடுத்த வாரம் ஆறிப்போகிற கோபம்தான். மாவு பிசைந்த கையோடு கணவரிடம், "அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தமா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுதினார். நீட்டினார். விரல் நுனியை மட்டும் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அதில் என்ன இருந்தது என்பது அவளுக்கு இரண்டு வருடம் கழித்து, அக்கா மகள் தொலைபேசியில் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது: 'இனிவரும் காலங்களில் தங்களுடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்வதற்கில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' வருத்தமாக எழுதச் சொன்னாள். வருத்தத்துடன் எழுதியிருந்தார். சொன்னதைச் செய்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அதற்குள் மௌனமும் கெட்டிப்பட்டுவிட்டது. படிக்காமல் போட்டேன் என்று சொல்ல வெட்கம் ஒரு பக்கம். அக்கா தானாகக் கேட்டால் என்ன என்கிற வீம்பு இன்னொரு பக்கம்.

இப்போது அக்காவுக்குத் தொண்டையில் வியாதி. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குரல்பெட்டியை எடுத்துவிடப் போகிறார்கள். அக்கா மகள் அழைத்துச் சொன்னாள்.

"அம்மா போன்ல பேசமாட்டேங்கறா சித்தி. நெறைய பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எங்ககிட்டல்லாம் சைகைதான்."

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னா. 'மிச்சம் இருக்கிற குரலை அவளைத் திட்டுறதுக்குத்தான் வச்சிருக்கேன், நேர்ல வரச் சொல்லு'ன்னா."

அந்த இரவு தங்கை வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். திட்டுவதற்கென்று ஒருத்தி குரலைச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்றால், வேறென்ன வேண்டும்?

விமானத்தில் போகலாம் என்றாள். விமானத்தில் அவருக்குக் காது அடைக்கும். அப்படியானால் நான் மட்டும் போகிறேனே என்றாள். "தனியாவா? டிக்கெட்ல பொடி எழுத்துல என்னென்ன போட்டிருப்பான்னு உனக்குத் தெரியுமா?" என்றார். பிறகுதான் குளிர்சாதனப் பெட்டியில் அறிவிப்பு வந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் துறைமுகக் கூடத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "வானிலை காரணமாகக் கப்பல் புறப்படுவதில் சற்று தாமதம் ஏற்பட்டுள்ளது." கூட்டம் முனகியது. ஒற்றர் கண்ணை மூடிக்கொண்டு, வலி வந்தவர் போல, "சற்றுத் தாமதம்… 'த்' எங்க போச்சு?" என்றார். காதிலேயே ஒற்று விடுபட்டதைக் கேட்கிறவர் அவர். 'சற்று' என்பது ஆறு மணி நேரமாக நீண்டது. அதற்குள் கூடத்தில் இருந்த பலகைகள் எல்லாம் திருந்தின. 'கழிப்பறைக்கு செல்லும் வழி'யில் 'ச்' ஏறியது. 'புகை பிடிக்க கூடாது' என்பதில் 'க்' ஏறியது. அதற்குக் கீழே நின்று புகை பிடித்துக்கொண்டிருந்தவனை அவர் கவனிக்கவில்லை.

அறையில் நான்கு படுக்கைகள். கணவன் மனைவிக்கு இரண்டு. மூன்றாவது ஒரு தையற்காரிக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும், மறுகரையில் புதிதாகக் கடை போடப் போகிறாள். நான்காவது படுக்கையில் அவளுடைய தையல் மெஷின், இடுப்புப் பட்டையால் கட்டப்பட்டுப் படுத்திருந்தது.

"அதுக்கும் டிக்கெட்டா?" என்றாள் மனைவி.

"லக்கேஜ்ல போட்டா ஒடச்சிடுவாங்கக்கா. எங்க வீட்டுக்காரருக்குத்தான் எடுத்தேன். அவரு வரலேன்னுட்டாரு. இது எதுத்துப் பேசாது, அவருக்கு இது மேல."

யார் வாயிலிருந்து 'அக்கா' என்று கேட்டாலும் மனைவிக்குத் தன் அக்கா ஞாபகம் வருகிற காலம் அது. அவள் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கடல் எழுந்து நின்றது. அறையில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. செருப்புகள் கதவுக்கும் ஜன்னலுக்குமாக ஓடிப்பிடித்து விளையாடின. தண்ணீர்க் குவளை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நிதானமாக நகர்ந்து, யோசித்து, திரும்பி வந்தது. வெளியே நடைவழியில் யாரோ கடவுளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அடுத்த அறையில் யாரோ அந்தக் கடவுளைத் திட்டினார்கள். வாந்தியும் டீசலும் கலந்த வாடை கதவிடுக்கு வழியே வந்து படுக்கை விரிப்புகளில் குடியேறியது. ஒற்றர் சுருண்டு கிடந்தார். முகம் பழைய பித்தளை மாதிரி ஆகியிருந்தது. சுழலும் நாற்காலியிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தலையை மடியில் தாங்கி, பையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாந்தி வருதா?"

"இது வாந்தி இல்ல… வெறும் குமட்டல்" என்று திருத்திவிட்டு வாந்தி எடுத்தார்.

அதன் பிறகு ஐந்து மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல், திருத்தாமல், ஈரத்துணி போடக் காட்டிய நெற்றியோடு அவர் கிடந்தபோது, இந்த மனிதரோடும் வாழ்ந்திருக்கலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. முப்பத்தொரு வருடமாக வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறோம் என்பது பிறகு ஞாபகம் வந்தது.

நான்கு மணிக்குக் கப்பல் வழியில் இருந்த ஒரு சின்னத் தீவின் துறைக்குள் ஒதுங்கியது. மூன்று கொட்டகை, ஓர் அலைதடுப்புச் சுவர், காற்றில் சாய்ந்தே வளர்ந்த சில மரங்கள். ஒலிபெருக்கியில் மாலுமித் தலைவர் சுருக்கமாகப் பேசினார். புயல் இன்றோடு கடந்துவிடும். நாளை காலை ஏழு மணிக்குத் கடலேற்றத்தில் தண்ணீர் ஏறும்போது கிளம்பினால் மாலை நான்குக்கு மறுகரை.

மனைவி விரல் விட்டு எண்ணினாள். நாலு மணிக்கு இறங்கி, அரை மணியில் ஆஸ்பத்திரி. பார்வை நேரம் ஆறு வரை. ஒன்றரை மணி நேரம். அக்கா வேகத்துக்குத் திட்டுவதற்கு அது தாராளம். அழுவதற்குக்கூடக் கொஞ்சம் மிஞ்சும். தளத்தின் மூலையில் ஓர் இடத்தில் மட்டும் சிக்னல் கிடைத்தது. அங்கே நின்று அக்கா மகளிடம் சொன்னாள். "சொல்லிடறேன் சித்தி" என்றவள், கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைத்தாள். "அம்மா கட்டைவிரலைக் காட்டுறா. அப்புறம் நாக்கைத் துருத்திக் காட்டுறா."

கப்பல் ஆடுவதை நிறுத்தியதும் ஒற்றர் எழுந்தார். முகம் கழுவினார். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். அங்கே காய்ந்த ரொட்டியைச் சுற்றி எண்பது பேர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி ஆறிப்போயிருக்கிறது, காத்தாடி ஓடவில்லை, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. குடிநீர் வாரியம் என்ற சொல் அவர் வாயிலிருந்து எப்படியோ விழுந்தது. பத்து நிமிடத்தில் 'பயணிகள் நலன் காக்கும் தற்காலிகக் குழு' உதயமானது. தலைவர் தேர்வு ஏகமனதாக நடந்தது. வேறு யாரிடமும் பேனா இல்லை.

இரண்டு மணி நேரம் எழுதினார். மனைவி தளத்தின் மூலையில் சிக்னலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றபோது காகிதத்தோடு வந்தார். பார்ப்பதற்கு இருபது வயது குறைந்திருந்தார்.

"இந்தா, ஒரு கையெழுத்துப் போடு. மொத கையெழுத்து உன்னோடதா இருக்கட்டும். பெண்பாலர் பேரு முன்னால இருந்தா மனுவுக்கு ஒரு கனம்."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"சாப்பாடு, காத்தாடி, கக்கூஸ். வேறென்ன?"

ஒரு கையில் கைபேசி. மறு கையால் போட்டாள்.

புதன்கிழமை காலை கடல் துடைத்த தரை மாதிரி கிடந்தது. ஆறரை மணிக்கு ஒற்றர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பயணிகள் அதிகாரியிடம் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஏழு மணி ஆனது. இயந்திரம் கிளம்பவில்லை. ஏழரை. மனைவி பெட்டியைக் கட்டி, தலைவாரி, படுக்கையின் ஓரத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்குக் கூடத்தில் சத்தம் கேட்டு எழுந்து போனாள்.

பயணிகள் அதிகாரி மேஜையோரம் நின்றுகொண்டிருந்தார். சின்ன உருவம், கசங்கிய சீருடை, இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"யாரு சார் இதை எழுதினது?"

"அடியேன்தான்" என்றார் ஒற்றர், பாராட்டை எதிர்பார்க்கிறவர் அடக்கத்தோடு.

"ரொட்டி, காத்தாடி, தண்ணி… மூணும் சரி. காத்தாடி ஓட ஆரம்பிச்சாச்சு. கடைசில இது என்னது?" அதிகாரி மனுவைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "'மேற்கண்ட குறைகளும் கப்பலின் பொதுவான பாதுகாப்பும் உரிய அதிகாரியால் நேரில் ஆய்வு செய்யப்பட்டு உறுதி செய்யப்படும் வரை மேல்நடவடிக்கை எதையும் தொடர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.'"

"அது முடிவுரை. எல்லா மனுவுலயும் வர்றதுதான். முப்பத்தி நாலு வருஷமா நான் அப்படித்தான் முடிப்பேன்."

"ஆபீஸ்ல மேல்நடவடிக்கைன்னா என்னவோ, எனக்குத் தெரியாது. கப்பல்ல மேல்நடவடிக்கைன்னா ஒண்ணே ஒண்ணுதான் சார். கெளம்புறது."



"எண்பத்தி மூணு பேரு பாதுகாப்புல சந்தேகம்னு எழுதிக் குடுத்தப்புறம் கெளப்பினா, நாளைக்கு ஒரு பலகை ஒடஞ்சாலும் என்னைத்தான் தொங்க விடுவாங்க. தலைமை அலுவலகத்துக்குச் சொல்லியாச்சு. ஆய்வாளர் லாஞ்சுப் படகுல வர்றாரு. மூணு மணி ஆகும்."

"அப்ப அவர் பாத்ததும் கெளம்பிடலாமில்ல?" என்றாள் மனைவி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அதுக்குள்ள தண்ணி இறங்கிடும்மா. மறுபடி ஏற ராத்திரி ஆயிடும். இருட்டுல இந்தத் துறை வாயைத் தாண்ட முடியாது. நாளைக் காலைலதான்."

"நான் போட்ட கையெழுத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

அதிகாரி அவளைப் பார்த்தார். அவர் குரலில் எரிச்சல் போய்விட்டது. "மொத கையெழுத்து உங்களுதாம்மா? போன தகவலைத் திருப்ப முடியாதும்மா."

அதன் பிறகு மற்ற எண்பத்தொரு பேரும் ஒற்றரைச் சூழ்ந்துகொண்டார்கள். நேற்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தவர்கள் இன்று ஏகமனதாகத் திட்டினார்கள். அவர் அசரவில்லை. "வாக்கியத்துல ஒரு பிழை காட்டுங்க. வாக்கியம் சரி. பொருள் கொண்டதுலதான் தப்பு" என்றார். தையற்காரி இடுப்பில் கைவைத்து, "ஐயா, நீங்க சட்டை தச்சா பித்தானெல்லாம் அம்சமா இருக்கும். தலையை விட ஓட்டைதான் இருக்காது" என்றாள். சிலர் சிரித்தார்கள். கோபம் அங்கேயே பாதி வடிந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் ஒரு நாள்தான்.

மனைவி நகலை வாங்கிக்கொண்டு தளத்துக்கு வந்தாள். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, கணவர் கையெழுத்துக்கு நீட்டிய ஒரு காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். அழகாகத்தான் இருந்தது. எல்லா ஒற்றும் அதனதன் இடத்தில் இருந்தன. அடியில் கோணலாக, ஒரு கை ஓய்வில்லாதவள் போட்ட கையெழுத்து. பதினோரு வருடம் முன்பு மாவுக் கையோடு போட்டதும் இதே கோணலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா மகளை அழைத்தாள். வரமுடியாது என்று சொன்னாள். மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"போனைக் காதுல மட்டும் வைடி. அவ பேச வேணாம். நான் பேசறேன்."

சலசலப்பு. தலையணை உரசும் ஓசை. பிறகு மூச்சு. கரடுமுரடாகிப் போயிருந்தது, நடுவில் எங்கோ விசில் மாதிரி ஒரு இழை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். இரண்டு நாற்காலி தள்ளிப் பத்தொன்பது வருடம் கேட்ட மூச்சு. அது உள்ளே இழுக்கப்பட்டது. அந்த இழுப்பையும் அவளுக்குத் தெரியும்: பேசுவதற்குமுன் அக்கா இழுக்கிற இழுப்பு. தங்கை கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா" என்றாள்.

தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, கைபேசியின் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தியது.

"வணக்கம். நான்தான் பேசறேன். தாமதத்துக்கான காரணங்களை மூணு தலைப்புல சொல்லிடறேன். முதலாவது, வானிலை…"

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. பிறகு மெல்ல வெளியே போனது. பிறகு ஒன்றுமில்லை.

"லைன் கட்டாயிடுச்சு" என்றார் ஒற்றர். "சிக்னல் வசதி இல்ல. இதையும் மனுவுல சேத்திருக்கணும்."

தானாக அறுந்த இணைப்புக்கும் ஒருத்தி கீழே வைத்த இணைப்புக்கும் வித்தியாசம் என்ன என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. திரும்பத் திரும்ப அழைத்தாள். நான்காவது முறை அக்கா மகள் எடுத்து, "வேணாங்கறா சித்தி. கையை ஆட்டுறா" என்றாள்.

ஆய்வாளர் மூன்றேகாலுக்கு வந்தார். அவர் லாஞ்சு திரும்பிப் போவது எதிர்த்திசையில். கப்பலைச் சுற்றி வந்தார், இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார், டீ குடித்தார், குறைபாடு ஏதுமில்லை என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டார். ஒற்றர் அதைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்து, மன நிறைவோடு திருப்பிக் கொடுத்தார். "ஒரு ஒற்றுகூட விடல. நல்லாப் படிச்ச மனுஷன்" என்று மனைவியிடம் வந்து சொன்னார்.

வியாழக்கிழமை காலை கிளம்பிய கப்பலுக்கு வழியெல்லாம் கண்ணாடி போல் கடல். ஒன்பது மணிக்கு மனைவி தளத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையற்காரி வந்து எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒற்றரும் வந்தார், கையில் ஒரு காகிதம். ஒரு நாள் தாமதத்துக்கு நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டு இன்னொரு மனு.

"இதுல என் கையெழுத்து வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"படிச்சுட்டேன்."

அவர் பேனாவை மூடினார். அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து போய்விட்டார். அந்த மனுவில் கடைசிவரை ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது.

சனிக்கிழமைதான் ஆஸ்பத்திரியில் உள்ளே விட்டார்கள். அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடம் அவளைப் பாதியாக்கியிருந்தது. கழுத்தில் வெள்ளைக் கட்டு, நடுவில் ஒரு சின்னக் குழாய். மூச்சு அதன் வழியாகத்தான் போய் வந்தது. அந்தச் சத்தத்தைத் தங்கை இதற்குமுன் எங்கும் கேட்டதில்லை. மடியில் குழந்தைகள் எழுதிப் பழகுகிற வெள்ளைப் பலகை, நூலில் கட்டிய பேனா, துடைக்க ஒரு துணி. இனி எல்லாம் அதில்தான் என்று அக்கா மகள் வாசலிலேயே சொல்லியிருந்தாள். ஒற்றர் கீழே வரவேற்பறையில் இருந்தார். அங்கே பலகைகள் அதிகம்.

கடலில் மூன்று நாள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்.

"அக்கா. அந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்துதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் படிக்கவே இல்ல."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, ஊசி குத்திய கையால் எழுதத் தொடங்கினாள். பலகையில் பேனா கீச்சிட்டது. தங்கை தலையைச் சாய்த்து, பழைய பழக்கத்தில், அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டாள். எழுதி முடித்துப் பலகையைத் திருப்பிக் காட்டினாள் அக்கா.

'கையெழுத்து போடும் முன்னாடி படிக்க மாட்டியாடி எருமை.'

தங்கை பலகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அக்காவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. குரலை வைத்துத்தான் அவளுக்கு எதுவும் தெரியும்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒற்றர் வந்தார். மைத்துனிக்குக் கை குவித்தார். மனைவியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் பலகையைப் படித்தார். முகம் கனிந்தது. பதினோரு வருடப் பகையை மறந்து, நோயாளிக்குத் தன்னால் ஆன ஓர் உதவியைச் செய்கிறவராக, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குனிந்து, 'கையெழுத்து'க்கும் 'போடும்' என்பதற்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் அழகாக ஒரு 'ப்' எழுதினார். "இப்ப சரி" என்றார்.

அக்கா இன்னும் ஏதோ எழுதவேண்டும் என்று கையை நீட்டினாள். தங்கை துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். கையெழுத்து போனது, படிப்பு போனது, எருமை போனது. அழுத்தித் துடைத்தாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

'ப்' போகவில்லை.